பட்டாளத்துக்குப் புறப்பட்ட முதுகு

பட்டாளத்தில் சேரத் தயாராவதும் ஒரு வேலைதான். என்ன, அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, அதில் முதுகு போனால் கேட்க நாதியும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் பத்து மாதம் அந்த வேலையைப் பார்த்தவன் நான். விடிகாலையில் ஓடுவேன். பகலில் கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுவேன். மிச்ச நேரமெல்லாம் முதுகு வலிக்காத மாதிரி நடிப்பேன். மூன்றில் எது அதிகச் சிரமம் என்று முதுகுவலிக்காரர்களான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஊர் பெருந்துறைப் பக்கம். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, லீவில் வந்த ஒரு சிப்பாய் பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் கறுப்புத் தகரப்பெட்டியோடு இறங்கியதைப் பார்த்தேன். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் நம்பரும் எழுதியிருந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். மூன்று பையன்கள் இருக்கிற வீட்டில் நான் கடைசி. எனக்கு அதுவரை யாரும் எழுந்து இடம் கொடுத்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். முதல் ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்தில் தோற்றேன். அடுத்த முகாம் ஆவணி வாக்கில் வரும் என்றார்கள். அதுதான் எனக்குக் கடைசி. அதை விட்டால் வயது தாண்டிவிடும்.

ஒரு சாண் இடம்

பட்டறையில் எனக்குப் பக்கத்து லேத் ஜபார் பாயுடையது. கோட்டைமேட்டுக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மத்தியானம் அவரும் நானும் இன்னும் நாலு பேரும் பட்டறைக்குப் பின்னால் சிமென்ட் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். என் தூக்குப்போசியில் தினமும் ஒரே புளிச்சாதம் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் டிபன் பாக்ஸில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார். கோயமுத்தூரில் வீடு என்று எனக்கு இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

முகாமுக்குப் பத்து மாதம் இருக்கும்போதே உக்கடத்தில் ஒரு தகரப்பெட்டி வாங்கிவிட்டேன். ஆசை யாரை விட்டது! பட்டறைக்குக் கொண்டுபோய்க் கறுப்பு அடித்துக் காயவைத்தேன். பம்ப்பின் மேல் பெயர் எழுதுகிற பிரஷ்ஷை எடுத்து, ஜபார் பாய் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து, கீழே ஒரு சாண் இடத்தைச் சும்மா விட்டுவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போனார். இது எதற்கு பாய் என்றேன்.

"அது உன் நம்பருக்கு தம்பி. சர்க்கார் நம்பர் குடுத்ததும் பொட்டியத் தூக்கிட்டு வா, அதையும் நானே எழுதித் தாரேன்."

மருதமலைப் படியில்

வெறுமனே ஓடினால் போதாது, பாரம் சுமந்து ஏறிப் பழக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பழைய கான்வாஸ் பையில், பட்டறையில் இரும்பு வார்க்க வைத்திருந்த கரிமணலை அள்ளி நிரப்பினேன். அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலைப் படிகளில் ஏறி இறங்கினேன். பையை நிரப்பத் தெரிந்த எனக்கு அதை இறுக்கிக் கட்டத் தெரியவில்லை. நாலாவது ஞாயிறு, இறங்கும்போது மணல் மொத்தமும் ஒரு பக்கம் சரிந்தது. அதைப் பிடிக்கிறேன் என்று நான் மறுபக்கம் திரும்பினேன். இடுப்புக்கு மேலே ‘சடக்’ என்றது. அந்தச் சத்தம் வெளியே கேட்டதா, எனக்குள்ளே மட்டும் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது. உங்களில் பலருக்குப் பழக்கமான சத்தம் என்பதால் வர்ணிக்காமல் விடுகிறேன்.

அப்படியே மண்டியிட்டு, நெற்றியைப் படிக்கல்லில் வைத்துக் கிடந்தேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் சாய முடியவில்லை. போகிறவர்கள் மரியாதையாக விலகிப் போனார்கள். இரண்டு பேர் என் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கால் மணி நேரம் கழித்து, பூசைத் தட்டோடு இறங்கி வந்த ஒரு பெரியவர் நின்றார். தூக்கிவிடுங்கள் என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், அவர் பையிலிருந்து சிந்திக் கிடந்த மணலைப் பார்த்துவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

"ஏனுங்க தம்பி, மண்ணு சொமக்கறதுன்னா நெம்பப் பெரிய வேண்டுதலா இருக்குமாட்ட இருக்குதுங்களே. பேசாம மொட்டை அடிக்கறதோட முடிச்சிருக்கலாமுங்க."

சாக்பீஸ்

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆறு மாதம் பாரம் தூக்காதே, ஓடாதே என்றார். முகாமுக்கு மொத்தமே எட்டு மாதம்தான் இருந்தது. ஆறு மாதம் என்றால் மூன்று மாதம் என்று அர்த்தம் என நானே குறைத்துக்கொண்டேன். டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

உடற்பயிற்சிப் பிரிவில் இருந்த அம்மணியை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவர் மேசையிலிருந்து ஒரு சாக்பீஸைக் கீழே போட்டு, எடுங்க என்றார். குனிந்தேன். தலையில் ஒரு தட்டு விழுந்தது. ஒரு காலை முன்னால் வைக்க வேண்டும், முதுகை நேராக நிறுத்த வேண்டும், முட்டியை மடக்கி இறங்க வேண்டும், சாக்பீஸை நெஞ்சோடு ஒட்டி எடுக்க வேண்டும், தொடை பலத்தில் எழுந்திருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் முப்பது தடவை சாக்பீஸ் கீழே விழும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பட்டாளம் என்று சொன்னால் வைத்தியத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, மளிகைக் கடையில் உட்கார்ந்த வேலை என்றேன்.

வாசலில் மற்ற நோயாளிகளுக்குக் கூட வந்தவர்கள் செருப்பை எடுத்துக் காலுக்கு நேராக வைத்தார்கள். மனைவி, மகன், தம்பி என்று ஒவ்வொருவருக்கும் ஒருவர் இருந்தார். நான் என் செருப்பின் முன்னால் முறைப்படி முட்டி மடக்கி இறங்கினேன். அதைப் பார்த்து டீச்சருக்கு ஒரே பூரிப்பு.

"அப்படித்தானுங்க! சோப்பு உழுந்தாலும் சரி, சொத்தே உழுந்தாலும் சரி, இனி குனியவே கூடாதுங்க. சாமியக்கூட நின்னுட்டே கும்பிட்டுக்குங்க."

சுவரில் எண்ணெய்

முதுகு என்பது மற்றவர்கள் தேய்த்துவிடுவதற்காகவே அமைந்த உறுப்பு. வாடகை அறையில் ஒண்டியாக இருந்துகொண்டு முதுகுவலியை வைத்திருப்பவனுக்குத்தான் இது தெரியும். கை மேலேயிருந்து பாதி தூரம் போகும், கீழேயிருந்து பாதி தூரம் போகும். வலி சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். துண்டில் தைலத்தை ஊற்றி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தைலத்தைத் துண்டே குடித்துவிட்டது. கடைசியில் சுவரில் தைலத்தைப் பூசி, அதில் முதுகை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. வலிக்காக இல்லை. அப்பா, அம்மா, அண்ணன்கள் இரண்டு பேர், பட்டறையில் பத்துப் பேர், மைதானத்தில் கூட ஓடுகிற இருபது பேர் என்று இத்தனை பேரைத் தெரிந்த எனக்கு, தேய்த்துவிட ஒரு சுவர்தான் இருக்கிறதே என்று வந்தது. சொல்லவும் வழியில்லை. பட்டறை முதலாளி எங்கள் ஊர்க்காரர். திங்கட்கிழமை பட்டறையில் சொன்னது சனிக்கிழமை ஊரில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடுவார். முகாமும் போய்விடும், லேத்தும் போய்விடும், ‘முதுகு போனவன்’ என்ற பெயர் மட்டும் நிற்கும்.

வீட்டுக்காரர்கள் நாயுடு குடும்பம். அந்த வீட்டம்மா மாடியில் துணி காயப்போட வந்தவர், திறந்திருந்த கதவு வழியாகச் சுவரைப் பார்த்துவிட்டார். நெஞ்சு உயரத்தில் பளபளவென்று ஒரு பெரிய கறை. கையில் இருந்த ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங் கண்ணு, ஒண்டி ஆளுன்னு சொல்லித்தான ரூமு கேட்டீங்க? செவுத்தப் பாத்தா உள்ள எருமை கட்டி வெச்சிருக்கறாப்பல இருக்குதுங்களே!"

தொங்கினவன்

ரிட்டயர்டான ஹவில்தார் ஒருவர் மைதானத்தில் எங்கள் இருபது பேருக்கும் விடிகாலையில் பயிற்சி கொடுத்தார். காசு வாங்கமாட்டார், பதிலுக்கு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லி மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு, பனியனுக்குள் இடுப்பு பெல்ட்டோடு திரும்பிப் போனேன். ஓடினால் வலி இடது காலில் இறங்கும். நூறு வரை எண்ணுவேன், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். எண்ணிக்கையில்தான் அந்த மைதானத்தைச் சுற்றி வந்தேன்.

கம்பியில் தொங்கும்போது மட்டும் வலி நின்றுவிடும். உடம்பின் பாரம் கீழே இழுக்க, முதுகெலும்பு மெல்ல விரிந்து கொடுக்கும். மற்றவர்கள் பத்துத் தடவை ஏறி இறங்கிக் கையை உதறிக்கொண்டு போன பிறகும் நான் தொங்கிக்கொண்டே இருப்பேன். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்கிற வலியில்லாத இரண்டு நிமிடம் அது. அதை விட்டுவிட்டு யாராவது இறங்குவார்களா, நீங்களே சொல்லுங்கள். ஹவில்தார் எல்லோரையும் கூப்பிட்டு என் முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

"நல்லாப் பாத்துக்குங்கடா! கை களண்டு வந்தாலும் எறங்க மாட்டேங்கறான். இவன் சிப்பாய். நீங்கெல்லாம் சோத்து மூட்டை."

நின்றுகொண்டு சாப்பிட்டது

சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழும்போது பாதியில் மாட்டிக்கொண்டேன். கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு லேத் பக்கத்திலேயே நின்று தின்றேன். பசியில்லை, வேலை கிடக்கிறது, வயிறு சரியில்லை என்று தினம் ஒரு சாக்கு. முதல் வாரம் கூப்பிட்டார்கள். இரண்டாவது வாரம் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். வட்டத்தில் என் இடத்தை இரண்டு பக்கமும் நகர்ந்து அடைத்துக்கொண்டார்கள்.

பக்ரீத் முடிந்த மறுநாள் ஜபார் பாய் டிபன் பாக்ஸோடு நான் நின்ற இடத்துக்கே வந்தார். வீட்டில் செய்த பிரியாணி. தரையில் உட்கார்ந்து, மூடியில் எனக்கு ஒரு பங்கு வைத்து, பக்கத்தில் தட்டிக் காட்டி, "வா தம்பி, உக்காந்து திங்கலாம்" என்றார். அன்றைக்கு வலி உச்சத்தில் இருந்தது. "வேண்டாங்க பாய்" என்றேன். அவர் மூடியில் வைத்த பங்கைத் திரும்ப டிபன் பாக்ஸிலேயே எடுத்துப் போட்டார். மதத்தைப் பார்த்து யார் யாரோடு உட்காருவது என்று கோயமுத்தூரில் எல்லோரும் யோசிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது இல்லை பாய், முதுகு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முகாமுக்கு நாலு மாதம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"பரவால்ல தம்பி. உக்காரப் புடிக்காதவங்கள உக்காரச் சொல்லக் கூடாது. தப்பு என் மேலதான்."

காலி சீட்

வைகாசியில் ஊர் நோம்பித் திருவிழாவுக்குப் போனேன். காந்திபுரத்தில் ஏறிய பஸ்ஸில் பாதி சீட்டு காலி. உட்கார்ந்தால் பெருந்துறையில் என்னை எழுப்பிவிட ஆள் தேட வேண்டும் என்று கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். அவிநாசி தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து, நின்றுகொண்டு வந்தாலும் டிக்கெட்டில் ஒன்றும் குறைக்கமாட்டோம் என்று தன்மையாக எடுத்துச் சொன்னார்.

வீட்டில் அம்மா இலை போட்டு உட்காரச் சொன்னார். தட்டில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றே சாப்பிட்டேன். அம்மா என் இடுப்புப் பக்கம் பார்த்தமாதிரி இருந்தது. இப்போது கேட்டுவிடுவார், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. கேட்கமாட்டாரா என்றும் இருந்தது.  அம்மா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

"பட்டாளத்துல நின்னுட்டுத்தான் திங்கோணுமாக்கும்? இப்பவே பழகிக்கறயா சாமி?"

பேனா

முகாம் வந்தது. ஓட்டத்தில் தேறினேன். பள்ளம் தாண்டினேன். கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுநாள் மெடிக்கல். ஜட்டியோடு வரிசையில் நின்றோம். டாக்டர் பட்டாளத்து அதிகாரி, மலையாளி, காதோரம் நரைத்தவர். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். வலியில் உயிர் போனது. முகத்தில் காட்டாமல் தொட்டேன். அந்த ஒன்றுக்காகவே மூன்று வாரம் அறையில் பழகியிருந்தேன். வளையச் சொன்னார், குதிக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். தலையை ஆட்டிவிட்டுப் படிவத்தில் எழுதத் தொடங்கினார். முடிந்தது என்று மூச்சு விட்டேன். பெட்டியில் காலியாகக் கிடந்த அந்த ஒரு சாண் இடம் கண்முன்னால் வந்தது.

அப்போது அவர் கையிலிருந்து பேனா நழுவி என் காலடிக்கு உருண்டு வந்தது. பெரியவர்கள் கையிலிருந்து ஒன்று விழுந்தால் எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு யாரும் சொல்லாமலே வரும். எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒரு காலை முன்னால் வைத்து, முதுகை நேராக நிறுத்தி, முட்டியை மடக்கி இறங்கி, பேனாவை நெஞ்சோடு ஒட்டி எடுத்து, தொடை பலத்தில் எழுந்து, இரண்டு கையாலும் நீட்டினேன். சாக்பீஸ் டீச்சர் இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

டாக்டர் பேனாவை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் மெதுவாக எழுந்தார். எழுந்த விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். அவரும் நம் ஆள். பக்கத்தில் வந்து தோளில் கை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார். எட்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. வேலை போனதற்கு அழுதேனா, கேட்டதற்கு அழுதேனா, தெரியாது. ஜட்டியோடு நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"இந்தப் பிராயத்துல ஒரு பையனும் பேனாவை இப்படி எடுக்க மாட்டான், மோனே. என்னை மாதிரி ஆளுதான் எடுப்பான். சொல்லு, வலி தொடங்கி எத்தனை மாசமாயி?"

மறுபடியும் மத்தியானம்

இந்த முதுகோடு உன்னை அனுப்பினால் மூன்றாவது மாதம் ஸ்ட்ரெச்சரில்தான் திரும்பி வருவாய் என்று சொல்லித் தகுதியில்லை என்று எழுதினார்.  அடுத்த நாள் வழக்கம்போலப் பட்டறைக்குப் போனேன். மத்தியானம் தூக்குப்போசியோடு வட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடைத்துக்கொண்ட என் இடம் அடைத்தபடியே இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணல் மூட்டை, சாக்பீஸ், சுவர், பேனா ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "பாய், அன்னைக்குப் பிரியாணி கொண்டாந்தீங்களே, அதுக்கும் இந்த முதுகுதானுங்க பாய். உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க" என்றேன். ஜபார் பாய் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை டிபன் பாக்ஸிலேயே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பாய் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். 

"இத்தனை மாசமா நான் வேற என்னமோ நெனச்சுட்டு இருந்துட்டேன்டா. நாளைக்கு அந்தப் பொட்டியக் கொண்டாந்து இங்க போடு. அதுமேல உக்காந்து தின்னு."

பட்டாளத்துக்காகப் பத்து மாதம் பாடுபட்டு நான் பிசகில்லாமல் கற்றுக்கொண்டது, கீழே விழுந்த பேனாவை எடுப்பது ஒன்றுதான்.